பசிமேட்டுக்கு வராத மனிதர்

எங்கள் பக்கத்தில் ஆட்களுக்குப் பெயர் இருப்பது போலவே வயல்களுக்கும் பெயர் உண்டு. நரிமூலை, பாதிரியார் துண்டு, கோணல் ஏக்கர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று. இங்கிலாந்தில், நார்ஃபோக்கின் இந்தக் கோடியில் இருப்பதிலேயே மோசமான பெயர் பசிமேட்டுக்குத்தான். என்ன விதைத்தாலும் பக்கத்து வயலில் விளைவதில் பாதிதான் அங்கே விளையும். எந்தக் காலத்திலோ யாரோ வயிற்றெரிச்சலில் வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது.

பத்து வயது பிரையனிக்கு உலகத்திலேயே மிகவும் பிடித்த இடம் அந்தப் பசிமேடுதான்.

காரணம் ஒன்றும் பெரிதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே அப்பாவும் அவளும் மட்டும் இருப்பார்கள். அவள் அப்பா நெவில் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். வாரம் முழுக்க அவர் ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் சொந்தம். மாலையில் வீட்டுக்கு வந்தால் இரட்டைத் தம்பிகளுக்குச் சொந்தம். ஒன்பது மாதக் குழந்தைகள். ஒருவன் அழுது முடித்தால்தான் மற்றவன் தொடங்குவான், அவ்வளவு ஒழுங்கு. அந்த வீட்டில் யாரும் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடித்துப் பல நாள் ஆகிவிட்டது.

பசிமேட்டில் அழுகைச் சத்தம் இல்லை. அறுவடை முடிந்த கோதுமைத் தாள்கள் காலடியில் நொறுங்கும். ஓடையிலிருந்து பனிமூட்டம் மெல்ல மேலே ஏறி வரும். அப்பா நீளக் கைப்பிடி வைத்த கருவியைத் தரைக்கு மேலே இடமும் வலமுமாக வீசிக்கொண்டு நடப்பார். மண்ணுக்குள் உலோகம் இருந்தால் கருவி சொல்லிவிடும். இரும்பு என்றால் உறுமும். செம்பும் வெள்ளியும் என்றால் கீச்சென்று பாடும்.

அப்பா ஹெட்போனின் ஒரு பக்கத்தைத் திருப்பி அவள் காதில் வைத்துவிடுவார். சத்தம் வந்த இடத்தில் பிரையனி சின்ன மண்வெட்டியால் தோண்டுவாள். கிடைத்ததை எடுத்தபின் குழியை மூடிக் காலால் அழுத்திவிடுவாள். குழியை மூடுவது முதல் விதி. எங்கே கிடைத்தது என்று உடனே எழுதி வைப்பது இரண்டாவது விதி.

"எங்கே கிடைச்சதுன்னு எழுதலைன்னா அது வெறும் தகரம்," என்பார் அப்பா.

எழுதுவதற்கு அவரிடம் நோட்டும் பென்சிலும் தயாராக இருந்தன. கிடைப்பதுதான் தயாராக இல்லை. மூன்று இலையுதிர் காலமாகப் பசிமேட்டை வரிசை வரிசையாக நடந்து அவர் கண்டெடுத்தவை அறுபத்தொரு பொத்தான்கள், உடைந்த பெல்ட் கொக்கிகள், குளிர்பான டின்களின் மூடிகள். அவர் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று, ஒரு ரோமானியக் காசு. இரண்டாயிரம் வருடத்துக்கு முன் இந்த நாட்டுக்கு வந்து, சாலை போட்டு, நானூறு வருடம் இருந்துவிட்டுப் போனவர்களின் காசு. இப்படிக் கருவியோடு தேடுகிறவர்களின் சங்கத்தில் அவரைத் தவிர எல்லோரிடமும் ரோமானியக் காசு இருந்தது. போன மாதம் சேர்ந்த பல் டாக்டருக்குக்கூட இரண்டாம் நாளே கிடைத்துவிட்டது.

சங்கத்தில் அப்பாவுக்கு 'பொத்தான் நெவில்' என்று பெயர். மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை ஊர் மண்டபத்தில் கூடுவார்கள். அந்தச் செப்டம்பரில் அவர் உள்ளே நுழைந்ததுமே யாரோ தன் சட்டையைப் பிடித்துக்காட்டி, ஒரு பொத்தான் குறைகிறது, நெவில் கையிருப்பில் இருக்கிறதா என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். ஆனால் பிரையனியோடு வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவர் வழக்கம்போல விசிலடிக்கவில்லை.

"இந்த ஞாயித்துக்கிழமையோட முடிச்சுக்கலாம் கண்ணு," என்றார். "புதன்கிழமை டிராக்டர் வருது, விதைச்சிடுவாங்க. அப்புறம் மெஷினை வித்துடலாம்னு இருக்கேன்."

பிரையனி ஏன் என்று கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை இல்லாத வாரத்தை நினைத்துப் பார்த்தாள். திங்கள் முதல் சனி வரை போய், அப்படியே மறுபடி திங்கள்.

அவளுடைய பென்சில் பெட்டியில் ஒரு ரகசியம் இருந்தது.

போன கிறிஸ்மஸ் சமயத்தில் சங்கத்தில் பிள்ளைகளுக்காக ஒரு குலுக்கல் வைத்தார்கள். தம்பிகள் பிறந்த வாரம் என்பதால் அப்பா வரவில்லை, பிரையனி பக்கத்து வீட்டுக்காரர்களோடு போனாள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு காகிதப் பொட்டலம். வீட்டுக்கு வந்து பிரித்தால் உள்ளே விரல் நகம் அளவுக்கு ஒரு பச்சை நிறக் காசு. தேய்ந்த முகம், தலையில் முள் முள்ளாகக் கிரீடம். ரோமானியக் காசுதான். யாரோ பழைய ஜாடியைக் காலி செய்து கொடுத்தது, எந்த மண்ணில் கிடைத்தது என்று யாருக்கும் தெரியாது. முகவரி கிழிந்துபோன கடிதம் மாதிரி.

மூன்று வருடம் அலைந்தும் அப்பாவுக்குக் கிடைக்காதது தனக்குச் சும்மா கிடைத்துவிட்டது என்று எப்படிச் சொல்வது? அவள் யாரிடமும் சொல்லவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பனி மிகவும் அடர்த்தியாக இருந்தது. வேலியே தெரியவில்லை. வேலிக்கு அப்பால் உலகம் இருக்கிறது என்பதையே நம்ப முடியவில்லை. பசிமேட்டில் நடக்காத வரிசை ஒன்றே ஒன்றுதான் பாக்கி. டீ பிளாஸ்கை வண்டியிலேயே விட்டுவிட்டதாகச் சொல்லி அப்பா திரும்பிப் போனார். வெள்ளைப் பனி அவரை விழுங்கிவிட்டது.

பிரையனி வரிசையின் நடுவே போய்க் குனிந்தாள். மண்வெட்டியால் ஒரு துண்டைத் தூக்கினாள். காசை உள்ளே வைத்து, மண்ணை மூடி, தாள்களைச் சரிசெய்து அழுத்தினாள். ஒரு நிமிட வேலை.

அப்பா வந்தார். டீ குடித்தார். நடந்தார். கருவி கீச்சென்று பாடியது.

அவர் மண்டியிட்டு மண்ணைத் தொட்டுப்பார்த்து, முயல் கிளறியிருக்கிறது போல, மண் இளக்கமாக இருக்கிறதே என்றார். பிரையனி இருமினாள். அவள் தோண்டட்டும் என்று அப்பா சொன்னதற்கு, இல்லை, இன்றைக்கு நீங்களே தோண்டுங்கள் என்றாள்.

காசு வெளியே வந்தது.

அப்பா கத்தவில்லை. தாள்கள் குத்துவதைக்கூடக் கவனிக்காமல் அப்படியே தரையில் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றினார். உள்ளங்கையில் இருந்த காசைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்ட கால்களோடு ஒரு ஆட்டம் போட்டார். நல்லவேளை, பனிமூட்டத்தில் வேறு யாருக்கும் தெரியவில்லை. மாடு வழுக்கி விழப்போவது போன்ற ஆட்டம் அது. பிரையனிக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் நீரும் வந்தது.

"இங்கே நடந்திருக்காங்க பிரை," என்றார் அப்பா. "நாம நிக்கற இதே இடத்துல. ஒருத்தர் நடந்து போயிருக்கார், அவர் பையில இருந்து விழுந்திருக்கு."

கடைசி வரிசையின் மீதியையும் விசிலடித்தபடி நடந்து முடித்தார். அவ்வளவு அழகாக அவர் சிரித்து அவள் பார்த்து எத்தனையோ நாளாகிவிட்டது. அந்த ஒரு நாள் பிரையனி மிகவும் சந்தோஷமாக இருந்தாள்.

திங்கட்கிழமை பேருந்தில் ஏறிய ஒவ்வொரு பிள்ளைக்கும் அப்பா காசைப் பற்றிச் சொன்னார். செவ்வாய்க்கிழமைக்குள் சங்கம் முழுக்கத் தெரிந்துவிட்டது. பொத்தான் என்று அழைத்தவர்கள் எல்லாம் மிஸ்டர் நெவில் என்றார்கள். அடுத்த வாரம் முப்பது பேர் கருவிகளோடு பசிமேட்டுக்கு வருவதாக முடிவாயிற்று. வயலின் சொந்தக்காரர் ரிக்ஸ் அம்மா, யாருக்காகவும் எதற்காகவும் கோதுமை விதைப்பைத் தள்ளிப்போடாதவர், ஒரு வாரம் தள்ளிப்போடுகிறேன் என்று சொல்லிவிட்டார். அதற்குள் பெருமழை பிடித்துக்கொண்டால் விதைப்பே கெட்டுவிடும். புதன்கிழமை வரவேண்டிய டிராக்டர் வரவில்லை.

ஒரு சின்னக் காசு இவ்வளவு தூரம் ஓடும் என்று பிரையனி நினைக்கவே இல்லை.

வியாழக்கிழமை மதியம் வகுப்பில் எரிமலைப் பாடம் நடந்துகொண்டிருந்தது. வெளியே மழை. பிரையனி சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படிப் பார்க்க ஆரம்பித்தால் அவளுக்கு இந்த உலகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோகும். அது அவள் பழக்கம்.

விளையாட்டுத் திடலின் அந்தக் கோடியிலிருந்து ஒருவர் வந்தார். தோல் செருப்பு, கம்பளிப் போர்வை, மழையில் நனைந்த தலை. வழி தவறிய ஆள் மாதிரி அங்கும் இங்கும் பார்த்துவிட்டு, நேராக அவள் சன்னலுக்கு வந்தார்.

"பாப்பா, பசிமேட்டுக்கு எந்தப் பக்கம் போகணும்?"

எதற்கு என்று பிரையனி கேட்டாள்.

"நான் அங்கே காசைத் தொலைச்சேனாம். ஊரே பேசிக்குது. எனக்கு அப்படி ஒரு இடமே தெரியாதும்மா. நான் அந்தப் பக்கம் போனதே இல்லை."

அப்படியென்றால் எங்கே தொலைத்தீர்கள் என்று அவள் கேட்டாள்.

"அது வேற ஊர். அங்கே ஒரு பாலம் இருந்துச்சு, இல்லை, பாலம் இல்லை, சந்தை..." அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "இப்ப எனக்கே குழப்பமா இருக்கு. எல்லாரும் பசிமேடு, பசிமேடுங்கறாங்க. நான் போன வழியெல்லாம் அழிஞ்சுபோகுது."

அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பிரையனி ஏதோ சொல்ல வாய் எடுத்தாள். அதற்குள் ஆசிரியர் அவள் பெயரைச் சொல்லி, எரிமலைக்குள் என்ன இருக்கும் என்று கேட்டார்.

"செருப்பு," என்றாள் பிரையனி.

வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அப்பாவிடம் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

பள்ளி விட்டு மற்றப் பிள்ளைகளை எல்லாம் இறக்கிவிட்டபின் அப்பா காலிப் பேருந்தை டவுன் நூலகத்துக்கு ஓட்டினார். வியாழன்தோறும் அருங்காட்சியகத்திலிருந்து பிலிப்பா என்ற பெண் வந்து நூலகத்தின் மூலை மேசையில் உட்காருவார். மண்ணில் கிடைத்த பழம்பொருள்களைக் கொண்டுபோனால் பார்த்து, என்ன, எங்கே என்று பதிவு செய்வார். மூன்று வருடத்தில் அப்பா அந்த மேசைக்குப் போவது இதுதான் முதல் தடவை. புதுச் சட்டை போட்டிருந்தார். வழி முழுக்க விசிலடித்தார். பிரையனி ஏழு முறை வாயைத் திறந்தாள், ஏழு முறையும் விசில் அதை மூடிவிட்டது.

பிலிப்பா உயரமாக, கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு இருந்தார். காசைப் பூதக்கண்ணாடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"காசு ரொம்பச் சாதாரணம்தான்," என்றார். "ஆனா இடம் இருக்கே, அது சாதாரணம் இல்லை. இங்கே பாருங்க."

மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். திரையில் வரைபடம். அதில் சிவப்புப் புள்ளிகள், ஒவ்வொன்றும் ரோமானியர் பொருள் கிடைத்த ஓர் இடம். கிழக்கேயிருந்து எறும்பு வரிசை போல வந்த புள்ளிகள் ரிக்ஸ் அம்மாவின் பண்ணை அருகே நின்றுவிட்டன. பழைய சாலை அதுவரை வந்தது தெரிகிறது, அதற்குப் பிறகு பசிமேட்டில் ஏறியதா, ஓடையைத் தாண்டி அந்தப் பக்கம் போனதா என்பது இருபது வருடமாகத் தீராத வழக்கு என்று பிலிப்பா விளக்கினார். சாலையில் போகிறவர்கள் எப்போதும் எதையாவது தவறவிட்டுக்கொண்டேதான் போவார்கள், அதனால் புள்ளிகளைப் பின்தொடர்ந்தால் சாலை கிடைத்துவிடும் என்றார்.

"இப்ப உங்க காசு பசிமேட்டுல கிடைச்சிருக்கு. இந்த ஒரு புள்ளி போதும் எங்களுக்கு. மேட்டு வழிதான்னு சொல்லிடலாம்."

அப்பா தன் நோட்டைப் பார்த்து, வரைபடத்தில் அந்த இடத்தைக் குறிக்கும் எண்களைச் சொன்னார். பிலிப்பா தட்டச்சு செய்தார். கடைசி விசைமேல் அவர் விரல் போனது.

"வைக்காதீங்க," என்றாள் பிரையனி.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அந்தப் புள்ளியை வைக்காதீங்க மிஸ். அவர் அங்கே வரவே இல்லை. நான்தான் வெச்சேன்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். குலுக்கல், பொட்டலம், பென்சில் பெட்டி, பிளாஸ்க், பனி. சொல்லும்போது மேசை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லி முடித்தபின்தான் அப்பாவைப் பார்த்தாள். அவர் காது இரண்டும் சிவந்திருந்தன. திறந்த நோட்டை மெதுவாக மூடினார்.

"அப்போ முயல் இல்லை அது," என்றார்.

அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று பிரையனிக்குத் தோன்றியது. புதுச் சட்டையின் கழுத்துப் பட்டை அவருக்கு இறுக்குவது போல இருந்தது. பிலிப்பா காசை அப்பா கொண்டுவந்த பஞ்சு வைத்த பெட்டியில் திரும்ப வைத்து, எழுதியதை அழித்தார். பரவாயில்லை, சொன்னதே பெரிய விஷயம் என்றார். பசிமேட்டு இடம் மறுபடி வெறுமையாயிற்று.

அப்பா எழுந்துகொண்டார். நேரத்தை வீணாக்கியதற்கு மன்னிக்க வேண்டும், மூன்று வருடம் நடந்தும் ஒன்றும் இல்லை, இதுதான் விஷயம் என்று தலைகுனிந்து சொன்னார்.

பிரையனி வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எறும்பு வரிசை, அதன் முன்னால் வெறும் வெள்ளை. ஏதோ ஒன்று மனதில் அசைந்தது.

"மிஸ், ஒரு கேள்வி," என்றாள். "ரோட்டுல போறவங்க எதையாவது கீழே போடாம போக மாட்டாங்கன்னு சொன்னீங்களே."

"ஆமா."

"எங்கப்பா பசிமேட்டுல ஒரு வரிசை விடாம நடந்திருக்கார். மூணு வருஷம். டின் மூடியைக்கூட விடலை. ஒரு ரோமானியச் சாமான்கூட இல்லைன்னா, ரோடு அங்கே இல்லைன்னுதானே அர்த்தம்?"

பிலிப்பா தலையிலிருந்த கண்ணாடியை இறக்கி மூக்கில் மாட்டிக்கொண்டார்.

"ஒரு வரிசை விடாமயா?" என்று அப்பாவைக் கேட்டார். "அதுக்கு ஏதாவது ஆதாரம் இருக்கா?"

அப்பா தயக்கத்தோடு நோட்டை நீட்டினார். பிலிப்பா ஒரு பக்கம் புரட்டினார். இன்னொரு பக்கம். பிறகு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். தேதி, வரிசை எண், நீளம், கிடைத்த பொத்தான், அது கிடைத்த இடம். நூற்று நாற்பது வரிசைகள். காசு கிடைத்த கடைசி வரிசையைத் தவிர ஒவ்வொன்றின் முடிவிலும் அப்பாவின் சின்னக் கையெழுத்தில், 'பழையது ஒன்றுமில்லை.'

"கிடைச்சதை எழுதறவங்களைத் தினமும் பார்க்கறேன்," என்றார் பிலிப்பா. "கிடைக்காததை எழுதின ஆளை இப்பத்தான் பார்க்கறேன். உட்காருங்க சார்."

அப்பா உட்கார்ந்தார். பிலிப்பா வரைபடத்தில் பசிமேட்டைச் சுற்றிக் கோடு போட்டு, உள்ளே மெல்லிய சாம்பல் நிறம் பூசினார். 'முழுதும் தேடியாயிற்று, ரோமானியர் தடயம் இல்லை' என்று எழுதி, தேடியவர் என்ற இடத்தில் அப்பாவின் முழுப்பெயரைப் போட்டார். ஒரு புள்ளிக்குப் பதில் ஒரு வயல் முழுக்க அப்பாவின் பெயர் இருந்தது. சாலை ஓடையைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும், இனிமேல் அந்தப் பக்கம் தேடலாம் என்றார் பிலிப்பா.

பேருந்துக்கு வந்ததும் அப்பா உடனே வண்டியை எடுக்கவில்லை. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து மழைத்துளிகளைப் பார்த்தார். பிரையனி அவருக்குப் பின் இருக்கையில் ஒடுங்கி உட்கார்ந்தாள்.

"வலிக்குது பிரை. இல்லைன்னு சொல்ல மாட்டேன்," என்றார். "நாலு நாளா ஆகாசத்துல மிதந்துட்டிருந்தேன்."

"சாரிப்பா."

"ஏன் அப்படிப் பண்ணினே?"

"மெஷினை விக்கப் போறேன்னு சொன்னீங்க. வித்துட்டா ஞாயித்துக்கிழமை போயிடும். ஒண்ணு கிடைச்சா நிறுத்த மாட்டீங்கன்னு நினைச்சேன்."

அப்பா கண்ணாடியில் அவளைப் பார்த்தார். பிள்ளைகள் சேட்டை செய்கிறார்களா என்று பார்க்க வைத்திருக்கும் பெரிய கண்ணாடி அது.

"நான் ஏன் விக்கறேன்னு சொன்னேன் தெரியுமா?"

"ஒண்ணும் கிடைக்கலைன்னு."

"ஒண்ணும் கிடைக்காதது எனக்குப் பழகிப்போச்சு. நீதான்... என் பின்னாடி குளிர்ல நிப்பே. ஒரு வார்த்தை பேச மாட்டே. எங்கேயோ பார்த்துட்டிருப்பே. பாவம் புள்ளை, எனக்காக வந்து நிக்குது, அதுக்கு ஒரு நல்ல ஞாயித்துக்கிழமை வேண்டாமான்னுதான் விட்டுடலாம்னு நினைச்சேன்."

பிரையனி எழுந்து அவர் இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குப் போரடிக்கவே இல்லைப்பா. நான் அவங்களைப் பார்த்துட்டிருந்தேன்."

"யாரை?"

"பொத்தான்காரங்களை."

அப்பாவுக்குப் புரியவில்லை. அவள் சொன்னாள். நங்கூரப் படம் போட்ட பித்தளைப் பொத்தான் ஒரு மாலுமியுடையது, கடலைப் பார்த்துச் சலித்துப்போய் வயலைப் பார்க்க வந்தவர் என்றாள். சின்னஞ்சிறு பொத்தான் ஒரு குழந்தையின் சட்டையிலிருந்து விழுந்தது, அதைக் கடித்துத் துப்பியது அந்தக் குழந்தையேதான், தம்பிகளைப் போல என்றாள். உடைந்த கொக்கிக்காரர் பெல்ட் போனபின் வீடுவரை கால்சட்டையைக் கையால் பிடித்துக்கொண்டே ஓடினார் என்றாள்.

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. தோள்கள் குலுங்கின. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மூணு வருஷமா இவ்வளவு கூட்டம் நம்மளோட நடந்திருக்கு," என்றார். "எனக்கு ஒரு ஆளைக்கூட அறிமுகப்படுத்தலையே நீ."

அவர் கேட்டுக்கொண்டே இருந்தார், அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். நூலகத்தை மூடுபவர் வந்து பேருந்தின் கதவைத் தட்டி, கிளம்ப உத்தேசம் உண்டா என்று கேட்கும்வரை.

மறுநாள் பிரையனி தானே ரிக்ஸ் அம்மாவின் பண்ணைக்குப் போனாள். அப்பா கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டாள். ரிக்ஸ் அம்மா கையில் ஒரு வாளியோடு நின்று முழுக்கதையையும் முகம் மாறாமல் கேட்டார்.

"தோண்டின குழியை மூடினியா?"

"மூடினேன்."

"அப்போ சரி," என்றார் ரிக்ஸ் அம்மா. சனிக்கிழமையே டிராக்டர் வரும் என்றார். போகத் திரும்பியவளைக் கூப்பிட்டு, ஓடைக்கு அந்தப் பக்கம் உள்ள புல்வெளியும் தன்னுடையதுதான், வேண்டுமானால் அப்பாவும் மகளும் அங்கே நடக்கலாம், ஆனால் ஒரு குழி திறந்திருந்து ஓர் ஆட்டுக்குக் கால் பிசகினாலும் தன் வாளி பறந்து வரும் என்றும் சொன்னார்.

சங்கத்துக்கு அப்பாவே போன் போட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டார். மறுமுனையில் பலமான சிரிப்பு கேட்டது. அன்றிலிருந்து அவரைப் பொத்தான் நெவில் என்று யாரும் கூப்பிடுவதில்லை. 'ஒண்ணுமில்லை நெவில்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அப்பா அதைக் கேட்டால் ஏதோ பட்டம் வாங்கியவர் போல நெஞ்சை நிமிர்த்துகிறார்.

அக்டோபரில் முதல் ஞாயிறு. ஓடைக்கு அப்பால் புல்வெளியில் பனி முழங்கால் உயரத்துக்கு மிதந்தது. ஆடுகள் கால் இல்லாமல் நகர்வது போலத் தெரிந்தன. அப்பா கருவியை வீசிக்கொண்டு நடந்தார். பிரையனி பக்கத்தில் நடந்தபடி, சட்டையில் ஒரு பொத்தானைக்கூட ஒழுங்காகத் தைக்கத் தெரியாத ஒரு தையல்காரரின் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தாள். ஊரில் பாதிப் பொத்தான்கள் வயலில் விழுந்ததற்கு அவர்தான் காரணமாம். அப்பா நடுநடுவே கேள்வி கேட்டார். ஒருமுறை சிரிப்பு தாங்காமல் நின்றேவிட்டார்.

முதல் வரிசை முடிந்து வேலிக்கு வந்தார்கள். அப்பா நோட்டை எடுத்து 'பழையது ஒன்றுமில்லை' என்று எழுதப் பென்சிலை வைத்தார். அப்போது பிரையனி கருவியைக் குனிந்து பார்த்தாள்.

"அப்பா, மெஷின்ல பச்சை லைட் எரியணும் இல்லையா?"

அப்பாவும் பார்த்தார். பொத்தானை அழுத்திப் பார்த்தார். லைட் எரிந்தது. அதாவது, இதுவரை எரியவில்லை. இருநூறு அடி தூரம் அவர் வெறும் கம்பை வீசிக்கொண்டு நடந்திருக்கிறார்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆடுகளைத் தவிர வேறு சாட்சி இல்லை.

"திரும்ப நடக்கணும்," என்றார் அப்பா, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு.

"முதல்லேர்ந்தா?"

"முதல்லேர்ந்து. அந்தத் தையல்காரரையும் முதல்லேர்ந்து கூட்டிட்டு வா."

இருவரும் பனிக்குள் இறங்கி, கிளம்பிய இடத்துக்கே திரும்பிப் போய், மறுபடியும் நடக்கத் தொடங்கினார்கள். இந்த முறை இன்னும் கொஞ்சம் மெதுவாகவே.